நெய்வேலி பக்கத்திலேயே இருக்கு... கம்மாபுரத்தில் ஏன் கரன்ட் போகுது?

ஸ்விட்சுக்குப் பின்னால் - வாராந்திரத் தொடர்

நாலு தூறல் விழுந்து கரன்ட் நின்றால் போதும். கம்மாபுரம் பக்கத்து டீக்கடைகளில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "நெய்வேலியைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு நமக்கு ஏன்ணே கரன்ட் நிக்கிது?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. விருத்தாசலத்திலிருந்து சேத்தியாத்தோப்பு போகும் வழியில் இருக்கிற ஊர் இது. சுற்றுவட்டாரத்தில் பல கிராமங்கள் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவை. 1962-ல் நெய்வேலியின் முதல் அனல்மின் இயந்திரம் ஓடத் தொடங்கியது. அந்தப் பழைய நிலையம் 2020-ல் ஓய்வு பெற்றுவிட்டது. இன்றைக்கு இரண்டாவது அனல்மின் நிலையத்தில் மட்டும் 210 மெகாவாட் இயந்திரங்கள் ஏழு, புதிய நிலையத்தில் 500 மெகாவாட் இயந்திரங்கள் இரண்டு. இவ்வளவு மின்சாரம் கிளம்புகிற இடத்துக்குப் பக்கத்து ஊரில் மெழுகுவத்தி ஏற்றினால் யாருக்குத்தான் கோபம் வராது?

ஆனால், நெய்வேலி ஜெனரேட்டருக்கு கம்மாபுரம் எது, கொச்சி எது என்று தெரியாது. அது எந்த ஊருக்கும் நேரடியாகக் கரன்ட் கொடுப்பதில்லை. நாடு முழுக்க ஓடுகிற ஒரே மின்தொகுப்பில், அதாவது கிரிட்டில், தன் பங்கைக் கொண்டுபோய்க் கொட்டுகிறது. அப்படிக் கொட்டுவது சாதாரண வேலை இல்லை. விநாடியில் ஒரு சிறு பங்கு தப்பினாலும் பல கோடி ரூபாய் இயந்திரம் பாழாகிவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து, ஒரு ஜெனரேட்டர் விலகினால் அடுத்தடுத்து எல்லாம் விலகி ஊர் உலகமே இருட்டாவது.

தோள் கொடுக்கும் கணக்கு

மாசி மகத்தில் விருத்தாசலம் போனவர்களுக்கு இது சட்டென்று புரியும். சாமியைத் தோளில் சுமந்து வருகிறார்கள். எல்லோரும் ஒரே சீராக அடி எடுத்து வைக்கிறார்கள். நடுவில் ஒருவர் களைத்துவிட்டார், இன்னொருவர் தோள் மாற்ற வேண்டும். சாமியை இறக்கி வைக்க முடியாது, ஊர்வலத்தையும் நிறுத்த முடியாது. புதிதாக வருகிறவர் என்ன செய்வார்? முதலில் பக்கத்திலேயே அதே வேகத்தில் நடப்பார். தண்டின் உயரத்துக்குத் தோளைச் சரிசெய்வார். மற்றவர்கள் வலது கால் வைக்கும்போது தானும் வலது கால் வைப்பார். அப்புறம்தான் தண்டுக்கு அடியில் தோளைக் கொடுப்பார்.

ஜெனரேட்டரை கிரிட்டில் இணைப்பதும் இப்படித்தான். இதற்கு 'சிங்க்ரனைசிங்' என்று பெயர்.

நடக்கும் வேகம்தான் ஃப்ரீக்வென்சி. இந்தியாவில் இது விநாடிக்கு 50 அலை, அதாவது 50 ஹெர்ட்ஸ். நெய்வேலியில் இருக்கிற மாதிரியான நீராவி டர்பைன் ஜெனரேட்டர் இந்த வேகத்தைக் கொடுக்க நிமிடத்துக்கு 3,000 முறை சுற்ற வேண்டும். நீர்மின் நிலைய இயந்திரங்கள் இதைவிட மெதுவாகச் சுற்றும். ஆனால், அவற்றில் காந்த முனைகள் அதிகம் என்பதால் வெளியே வரும் தாளம் அதே 50 தான்.

தண்டின் உயரம்தான் வோல்டேஜ். ஜெனரேட்டர் தரும் வோல்டேஜும் கிரிட்டின் வோல்டேஜும் ஒன்றாக இருக்க வேண்டும்.

வலது கால், இடது கால் கணக்குதான் ஃபேஸ். ஒரு மின் அலை எழுந்து விழுந்து முடிய 20 மில்லி விநாடிதான் ஆகும். கிரிட்டின் அலை உச்சியில் இருக்கும்போது ஜெனரேட்டரின் அலையும் உச்சியில் இருக்க வேண்டும். மூன்று ஃபேஸ்களும் ஒரே வரிசையில் வர வேண்டும் என்பது கூடுதல் நிபந்தனை. அதை இயந்திரத்தை நிறுவும்போதே சரிபார்த்துவிடுவார்கள்.

இதையெல்லாம் கண்ணால் பார்க்க ஒரு கருவி உண்டு. பெயர் சிங்க்ரோஸ்கோப். கடிகாரம் போன்ற முகம், ஒரே ஒரு முள். ஜெனரேட்டர் கிரிட்டைவிட வேகமாக ஓடினால் முள் கடிகாரச் சுற்றில் சுற்றும், மெதுவாக ஓடினால் எதிர்ச்சுற்றில் சுற்றும். நீராவியைக் கொஞ்சம் கூட்டிக் கொஞ்சம் குறைத்து, முள் கடிகாரச் சுற்றில் மிக மெதுவாக நகரும்படி செய்வார்கள். முள் 12-ஐத் தொடும்போது சர்க்யூட் பிரேக்கர் மூடியிருக்க வேண்டும். பிரேக்கர் மூடவும் கொஞ்சம் நேரம் பிடிக்கும் என்பதால் கட்டளையை 12-க்குச் சற்று முன்னாலேயே கொடுப்பார்கள்.

பாலிடெக்னிக்கில் இ.இ.இ. படித்தவர்கள் இதையே மூன்று பல்புகளை வைத்துச் செய்திருப்பார்கள். பல்புகள் மினுக்கி மினுக்கி, மூன்றும் ஒன்றாக அணையும் நொடியில் ஸ்விட்சைப் போட வேண்டும். இன்றைய மின் நிலையங்களில் ஆட்டோ சிங்க்ரனைசர் இதைச் செய்துவிடுகிறது. ஆள் தவறாகப் பட்டனை அழுத்தினாலும், தாளம் சேரவில்லை என்றால் பிரேக்கரை மூட விடாமல் தடுக்க ஒரு காவல் ரிலேயும் இருக்கிறது.

தாளம் தப்பி இணைத்தால் என்ன ஆகும்? நூற்றுக்கணக்கான இயந்திரங்களின் பலம் சேர்ந்து, புதிதாக வந்த ஒன்றை ஒரே இழுப்பில் தன் தாளத்துக்குத் திருப்பும். பல டன் எடையுள்ள சுழலும் தண்டில் அந்த முறுக்கு விழும். தண்டு வளையலாம், விரிசல் விடலாம். காயில் சுற்றுகள் இடம் பெயரலாம். சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகும்.

சேர்ந்தபின் இரண்டு கடிவாளம்

தோள் கொடுத்தாயிற்று. இனி எவ்வளவு பாரம் சுமப்பது?

கிரிட்டில் சேர்ந்தபின் ஒரு ஜெனரேட்டர் தனியாக வேகமாக ஓட நினைத்தாலும் முடியாது. எல்லோரும் பிடித்திருக்கும் தண்டு அதை விடாது. நீராவியைக் கூட்டினால் வேகம் கூடாது, சுமக்கும் பாரம்தான் கூடும். இந்த நீராவிக் கடிவாளத்தின் பெயர் கவர்னர். ஊரில் திடீரென்று மோட்டார்கள் அதிகம் ஓடி ஃப்ரீக்வென்சி கொஞ்சம் இறங்கினால், ஒவ்வொரு இயந்திரத்தின் கவர்னரும் தானாகவே நீராவியைச் சற்றுத் திறக்கும். பெரிய இயந்திரம் பெரிய பங்கு, சின்ன இயந்திரம் சின்னப் பங்கு என்று பாரம் தானாகப் பிரியும்.

இரண்டாவது கடிவாளம் ஏ.வி.ஆர். எனும் வோல்டேஜ் சீராக்கி. ஜெனரேட்டரின் காந்த பலத்தைக் கூட்டிக் குறைத்து வோல்டேஜைப் பிடித்து வைப்பது இதன் வேலை. இது சின்ன விஷயம் இல்லை. 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுக்கலும் பட்டப்பகலில் இருண்டபோது, வோல்டேஜ் கட்டுமீறி ஏறியதும், அதனால் மின் நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விலகியதும்தான் நடந்தது.

எந்த நிலையம் எவ்வளவு சுமக்க வேண்டும் என்பதை 15 நிமிடத்துக்கு ஒரு கணக்காக, ஒரு நாளை 96 துண்டுகளாகப் பிரித்து முன்கூட்டியே திட்டமிடுகிறார்கள். தமிழ்நாட்டுக்குச் சென்னையிலும், தென்மாநிலங்களுக்குச் சேர்த்து பெங்களூரிலும், நாட்டுக்கு டெல்லியிலும் இதற்கான கட்டுப்பாட்டு மையங்கள் இரவு பகலாக இயங்குகின்றன.

கதவருகே நிற்கும் காவல்காரர்கள்

தோள் கொடுத்தவருக்குக் கால் பிசகினால் என்ன செய்வது? உடனே விலகிவிட வேண்டும். இல்லையென்றால் அவரும் விழுவார், சாமியையும் சாய்ப்பார். ஜெனரேட்டர் விலக வேண்டிய நேரத்தைச் சொல்பவைதான் ரிலேக்கள். ஒவ்வொரு ரிலேயும் ஒரே ஒரு ஆபத்தை மட்டும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும்.

டிஃபரன்ஷியல் ரிலே ஒரு கணக்குப்பிள்ளை. காயிலின் ஒரு முனையில் போன கரன்ட், மறு முனையில் அப்படியே வர வேண்டும். கணக்கு இடித்தால் உள்ளே எங்கோ கசிவு என்று அர்த்தம். கண் இமைக்கும் நேரத்துக்குள் பிரேக்கரைத் திறந்துவிடும்.

ரிவர்ஸ் பவர் ரிலேயின் கதை சுவாரசியமானது. பாய்லரில் கோளாறு, நீராவி நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஜெனரேட்டர் நிற்குமா? நிற்காது! கிரிட்டிலிருந்து கரன்ட்டை இழுத்து, மோட்டாராக மாறி அதே 3,000 வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். ஆனால், குளிர்விக்க நீராவி ஓட்டம் இல்லாததால் உள்ளே டர்பைன் இறக்கைகள் சூடேறிக் கெட்டுப்போகும். சுமப்பவர் போல நடந்துகொண்டே தண்டில் தொங்குகிற ஆளைக் கண்டுபிடிக்கும் காவல்காரர் இவர்.

அண்டர் ஃப்ரீக்வென்சி ரிலே வேகத்தைப் பார்க்கும். கிரிட்டின் தாளம் 50-லிருந்து ரொம்பவும் இறங்கினால் நீண்ட டர்பைன் இறக்கைகளில் ஆபத்தான அதிர்வு தொடங்கும். 47.5 ஹெர்ட்ஸ் அளவுக்கு வந்துவிட்டால் இயந்திரத்தைக் காப்பாற்ற விலகுவதைத் தவிர வேறு வழி இல்லை.

எல்லோரும் ஒன்றாக விலகினால்?

சிக்கலே இங்கேதான் இருக்கிறது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒருவர் விலகுவது நியாயம். ஆனால், அவர் விலகியதும் அவர் சுமந்த பாரம் மற்றவர் தோளில் விழும். அடுத்தவரும் தாங்க முடியாமல் விலகுவார். அப்புறம் அடுத்தவர்.

2012 ஜூலை 30 அதிகாலை 2.33 மணி. மத்தியப் பிரதேசத்தில் பினா - குவாலியர் இடையே ஓடும் 400 கிலோவோல்ட் லைன் அளவுக்கு மீறிய பாரத்தால் விலகியது. சில விநாடிகளில் வட இந்தியாவே இருண்டது. சுமார் 36,000 மெகாவாட் போயிற்று. மறுநாள் மதியம் 1 மணிக்கு மறுபடியும் அதே கதை. இந்த முறை வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் சரிந்தன. சுமார் 60 கோடிப் பேர் வாழும் பகுதி கரன்ட் இல்லாமல் தவித்தது.

அன்றைக்குத் தமிழ்நாடு தப்பியது. காரணம், தென்னிந்தியா அப்போது வடக்கோடு ஒரே தாளத்தில் இணைந்திருக்கவில்லை. நடுவில் டி.சி. இணைப்புகள் மட்டுமே இருந்தன. டி.சி. வழியாக மின்சாரம் போகும், தாளம் போகாது. அதனால் அங்கே தடுமாறியது இங்கே தொற்றவில்லை. ஆனால், அதே 2012-ல் தமிழ்நாடு மணிக்கணக்கான மின்வெட்டில் வெந்துகொண்டிருந்ததையும் யாரும் மறந்திருக்க முடியாது. வடக்கே உபரி மின்சாரம் இருந்தாலும் கொண்டுவரப் போதிய வழி இல்லாதது அதற்கு ஒரு காரணம்.

2013 டிசம்பர் 31 அன்று கர்நாடகாவின் ராய்ச்சூரையும் மகாராஷ்டிராவின் சோலாப்பூரையும் இணைக்கும் 765 கிலோவோல்ட் லைன் மூடப்பட்டது. சிங்க்ரோஸ்கோப் முள் 12-ஐத் தொடும் அதே வேலைதான். ஒரே வித்தியாசம், இந்த முறை இணைந்தது ஒரு ஜெனரேட்டர் அல்ல, தென்னிந்தியா முழுவதும். அன்றிலிருந்து காஷ்மீரிலும் நெய்வேலியிலும் ஒரே தாளம்.

பெரிய கூட்டத்தோடு நடப்பதில் பலம் அதிகம். 2020 ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு நாடு முழுக்க 9 நிமிடம் விளக்கணைத்தது நினைவிருக்கிறதா? அப்போது 31,089 மெகாவாட் தேவை சில நிமிடங்களில் இறங்கியது. முன்கூட்டியே திட்டமிட்டு, சட்டென்று கூட்டிக் குறைக்கக்கூடிய நீர்மின் நிலையங்களைக் கையில் வைத்துக்கொண்டு சமாளித்தார்கள். ஃப்ரீக்வென்சி 49.70-க்கும் 50.26-க்கும் நடுவிலேயே நின்றது.

சின்னக் கூட்டத்தில் இந்த வசதி இல்லை. 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, மதியத்துக்குச் சற்று முன் இலங்கை முழுவதும் மின்சாரம் போனது. பாணந்துறை துணை மின் நிலையத்தில் ஒரு குரங்கு டிரான்ஸ்ஃபார்மரில் பட்டதுதான் ஆரம்பம் என்று அந்நாட்டு மின்சக்தி அமைச்சர் சொன்னார். உலகமே சிரித்தது. ஆனால், விஷயம் குரங்கில் இல்லை. விடுமுறை நாள் என்பதால் மின் தேவை குறைவு. வெயில் நேரம் என்பதால் சூரிய மின்சாரத்தின் பங்கு அதிகம். சோலார் பேனலில் சுழலும் பாரம் எதுவும் இல்லை. தடுமாறும்போது சில விநாடி தாக்குப்பிடிக்க வைப்பது, கனமான டர்பைன்கள் சுற்றும் அந்த வேகம்தான். அது குறைவாக இருந்ததால் ஒரு தட்டலில் எல்லாம் சரிந்தது. நுரைச்சோலை அனல்மின் நிலையம் விலகி, மறுபடி ஓட நாட்கள் பிடித்ததால், அடுத்த சில நாட்களில் சுழற்சி முறையில் ஒன்றரை மணி நேர மின்வெட்டும் வந்தது.

எல்லோரும் விலகும் நிலை வராமல் இருக்க இரண்டு ஏற்பாடுகள் உண்டு. ஒன்று, ஃப்ரீக்வென்சி 49-ஐ ஒட்டி இறங்கும்போதே சில பகுதிகளின் கரன்ட்டைத் தானாகத் துண்டிப்பது. ஒரு பகுதி கொஞ்ச நேரம் இருட்டில் இருந்தாலும் நாடு நிற்காமல் இருக்கும். இன்னொன்று, 'ஐலேண்டிங்'. எல்லாம் கைமீறிப் போனால், ஒரு மின் நிலையமும் சுற்றியுள்ள ஊர்களும் தனித் தீவாகப் பிரிந்து தங்கள் தாளத்தில் ஓடிக்கொண்டிருப்பது. சென்னைக்கும் நெய்வேலிக்கும் இப்படித் திட்டங்கள் இருக்கின்றன. முழுவதும் இருண்ட கிரிட்டை மறுபடி எழுப்ப எங்காவது ஒரு விளக்கு எரிந்துகொண்டிருக்க வேண்டுமே!

அப்படியென்றால் கம்மாபுரத்தில் ஏன்?

மேலே சொன்ன பெரிய விபத்துகள் அபூர்வம். தூறலுக்கு நிற்கும் கரன்ட்டின் காரணம் பெரும்பாலும் நம் தெருவுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். நெய்வேலியில் கிளம்பும் மின்சாரம் 400, 230 கிலோவோல்ட் லைன்களில் ஏறிப் போய்விடுகிறது. பிறகு துணை மின் நிலையங்களில் படிப்படியாக இறங்கி, 11 கிலோவோல்ட் லைனாக ஊருக்குள் வந்து, தெரு டிரான்ஸ்ஃபார்மரில் 230 வோல்ட்டாகி வீட்டுக்கு வருகிறது. கிளை உரசினால், ஜம்பர் அறுந்தால், ஃபியூஸ் போனால் இந்தக் கடைசிக் கட்டம் நின்றுவிடும். கம்பத்தில் இருக்கும் பீங்கான் இன்சுலேட்டர் விரிசல் விட்டு மழைநீர் இறங்கினாலும் அதே கதிதான். பீங்கான் ஊரான விருத்தாசலத்துக்காரர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. டர்பைன் பக்கத்தில் இருப்பதால் தெருக்கம்பி பலமாகிவிடாது. எனவே, டீக்கடையில் கேட்க வேண்டிய கேள்வி, "எங்க ஊர் லைனைக் கடைசியா எப்போ பராமரிச்சாங்க?" என்பதுதான்.

உங்கள் வீட்டு ஜெனரேட்டரும் கிரிட்டும்

நெய்வேலியில் இவ்வளவு காவலோடு செய்யும் வேலையை, சில வீடுகளில் ஒரு வயரை வைத்துச் செய்துவிடுகிறார்கள். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டபோது, பல ஊர்களில் நாட்கணக்கில் கரன்ட் இல்லை. வாடகை ஜெனரேட்டர்தான் தண்ணீர்த் தொட்டியை நிரப்பியது. இப்படிப்பட்ட நேரத்தில் அவசரத்துக்கு ஜெனரேட்டர் வயரை நேராக வீட்டு ப்ளக்கில் செருகுவதுதான் மிகப் பெரிய ஆபத்து.

காரணம் இதுதான். டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு பக்கமும் வேலை செய்யும். மெயினை அணைக்காமல் ஜெனரேட்டரை ஓட்டினால், அந்த 230 வோல்ட் வீட்டு வயரிங் வழியாக வெளியே போய், தெரு டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி 11,000 வோல்ட்டாகிவிடும். லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனின் உயிரை அது எடுத்துவிடும். ஒருவேளை அந்த நேரத்தில் ஈ.பி. கரன்ட் வந்துவிட்டால், தாளம் சேராத இரண்டும் மோதி ஜெனரேட்டரும் வயரிங்கும் எரியும்.

மொட்டைமாடி சோலார் வைத்திருப்பவர்களின் வழக்கமான புகாரும் இதோடு சேர்ந்ததுதான். "வெயில் அடிக்குது, பேனல் இருக்கு, ஆனா ஈ.பி. கரன்ட் போனா எங்க வீட்லயும் போயிடுதே!" மத்திய அரசின் சூர்யா கர் திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மானியம் கிடைப்பதால் இப்போது பலர் சோலாருக்கு மாறுகிறார்கள். அவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. கிரிட்டோடு இணைந்த சோலார் இன்வெர்ட்டர், கிரிட்டின் தாளத்தைக் கேட்டுத்தான் கரன்ட்டை அனுப்பும். தாளம் நின்றதும் தானும் நின்றுவிட வேண்டும் என்பது விதி. அது பழுது அல்ல, கம்பத்தில் இருப்பவருக்கான பாதுகாப்பு. மின்வெட்டிலும் வீட்டில் விளக்கு எரிய வேண்டுமானால், பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர் வேண்டும் என்று வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள்.

மறக்காமல் செய்ய வேண்டியவை

* ஜெனரேட்டர் வைத்திருந்தால் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் கட்டாயம். ஒரு பக்கம் ஈ.பி., மறு பக்கம் ஜெனரேட்டர். இரண்டும் ஒரே நேரத்தில் இணையவே கூடாது. லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனை வைத்துப் பொருத்துங்கள்.

* இரண்டு முனையிலும் ஆண் ப்ளக் வைத்த வயரை வீட்டில் வைத்திருக்காதீர்கள். இருந்தால் இன்றே வெட்டிப் போடுங்கள்.

* வாடகை ஜெனரேட்டர் வந்தால், மோட்டாரை அதோடு நேரடியாக இணைக்கச் சொல்லுங்கள். வீட்டு வயரிங் வழியாக வேண்டாம்.

* கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி, ஆலைகளில் இரண்டு ஜெனரேட்டர்களைச் சேர்த்து ஓட்டுவதாக இருந்தால் சிங்க்ரனைசிங் பேனல் இல்லாமல் முயலக் கூடாது.

* ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ ஜன்னலுக்கு அடியிலோ ஓட்டாதீர்கள். அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

* கம்பி அறுந்து கிடந்தால் தொடாதீர்கள், யாரையும் கிட்டே போக விடாதீர்கள். மின்னகம் எண் 94987 94987-க்கு அழைத்துச் சொல்லுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன் வீட்டு மெயின் போர்டை ஒரு முறை திறந்து பாருங்கள். சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் இல்லையென்றால் அதைப் பொருத்துவதுதான் முதல் வேலை. மழையில் கம்பத்தில் ஏறுகிற லைன்மேனுக்கு நெய்வேலியின் ரிலேக்கள் காவல் கிடையாது. உங்கள் வீட்டு ஸ்விட்ச்தான் காவல்.